இடது பக்கத்துக் குரல்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து வரிக்கு வரி சாய்ந்துகொண்டே போகும். பெரிய ‘ற’ போடுவதா சின்ன ‘ர’ போடுவதா என்பதில் எனக்கு இன்னமும் நிச்சயம் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் எந்தப் பெட்டியில் எந்த வயர் இருக்கிறது என்று ஒட்டும் சீட்டுகள்தான். இவ்வளவு நீளமாக எழுதுவது இதுவே முதல் தடவை. வாயால் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் விட்டதால் எழுத வேண்டி வந்தது.

எனக்கு இடது காது கேட்காது. எட்டு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தது. வீக்கம் வடிந்தபோது அந்தப் பக்கத்துச் சத்தமும் போய்விட்டிருந்தது. மந்தமாகக் கேட்கும் என்பதுகூட இல்லை. சுவர்தான். இது தெரிந்தவள் என் மனைவி ஒருத்தி. கல்யாணமான இரண்டாவது வாரமே கண்டுபிடித்துவிட்டாள். அன்றிலிருந்து தெருவில் நடக்கும்போது தானாகவே என் வலது பக்கம் வந்துவிடுவாள். மற்ற யாரிடமும் நான் சொன்னதில்லை. டீக்கடை பெஞ்சில் இடது ஓரமாகப் பார்த்து உட்காருவேன். யாராவது கூப்பிட்டு நான் திரும்பாவிட்டால், “அவனுக்கு ரொம்பக் கூச்சம்” என்பார்கள். கூச்சம் எனக்கு நிஜமாகவே உண்டு. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பெங்களூரில் பழைய கன்டோன்மென்ட் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கும் ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை பார்க்கிறேன். முதலில் பெட்டி தூக்கினேன், பிறகு வயர் சுற்றினேன். ஒருநாள் முதலாளிக்குக் காய்ச்சல். அவர் சோபாவில் படுத்துக்கொண்டு சொல்லச் சொல்ல நான் பட்டன்களைத் திருகினேன். அன்று தொடங்கியதுதான் கலவை வேலை. பாடகர் குரல், தபேலா, ஆர்மோனியம் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பதிந்து, எது எவ்வளவு கேட்க வேண்டும் என்று சேர்ப்பதைத்தான் நாங்கள் கலவை என்போம்.

அப்போது எங்களுக்கு வந்ததெல்லாம் கோயில் பாட்டுகள், மாதா கோயில் பாட்டுகள். எல்லாம் கம்பத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் ஓடுவதற்காகப் பதிந்தவை. ஆகவே மோனோதான். மோனோ என்றால் எல்லாச் சத்தமும் ஒரே வழியாக வரும். எனக்கு உலகமே அப்படித்தான் வருகிறது. நான் கலந்த பாட்டு குழாய் ஸ்பீக்கரில் சொல் சொல்லாகப் புரியும். முதலாளி கன்னடமும் தமிழும் கலந்து மற்றவர்களிடம் பெருமையாகச் சொல்வார்: “படிக்காதவன். ஆனா காது இருக்கே, அது சாமி குடுத்தது மாராயா!” நான் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. எல்லோரும் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டார்கள். எல்லாமே ஸ்டீரியோ ஆனது. இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று என்று இரண்டு வழி. வயலினை ஒரு பக்கம் தள்ளி, வீணையை மறுபக்கம் தள்ளி, குரலை நடுவில் வைக்க வேண்டும். அப்படி வைத்தால் கண் எதிரே ஒரு மேடை விரிந்த மாதிரி இருக்கும் என்றார் முதலாளி. நானும் தலையாட்டினேன். அந்த மேடையை நான் இதுவரை பார்த்ததில்லை.

அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குப் பதிலாக இரண்டு தந்திரம் கற்றுக்கொண்டேன். திரையில் மோனோ என்று ஒரு பட்டன் உண்டு. அதை அமுக்கினால் இரண்டு பக்கத்துச் சத்தமும் ஒன்றாகி என் வலது காதுக்கு வந்துவிடும். பாட்டு கெடாது. கேட்பதற்கு மட்டும் அப்படி. இன்னொன்று, ஹெட்போனை வலது இடது மாற்றி மாட்டிக்கொள்வது. இடது பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அதில் தெரிந்துவிடும். யாரும் இல்லாதபோது இரண்டையும் செய்வேன். ஜன்னல் இல்லாத அறை. சுவரெல்லாம் பஞ்சு. கதவு சாத்தினால் வெளியே யார் நிற்கிறார்கள் என்றுகூடத் தெரியாது. அந்த அறைக்குள் வருடக்கணக்காக ஒவ்வொரு பாட்டுக்கும் திருடன் மாதிரி ஹெட்போனைத் திருப்பித் திருப்பி மாட்டிக்கொண்டிருந்தேன். கதவு திறக்கும் சத்தம் எனக்கு இடது பக்கம். அதனால் கண்ணை எப்போதும் கதவின் மேலேயே வைத்திருப்பேன்.

இனி டிராக் பாடுகிறவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாடவேண்டியவர் வருவதற்கு முன்பு மெட்டை வேறொருவர் பாடிப் பதிந்து வைப்பார். அதைக் கேட்டுக்கொண்டே அசல் பாடகர் பாடுவார். பாடி முடிந்ததும் டிராக் குரலை எடுத்துவிடுவோம். எங்கள் ஸ்டுடியோவில் டிராக் பாடிய பெண் பொம்மனஹள்ளியிலிருந்து வருவார். வாரமெல்லாம் கார்மெண்ட்ஸில் தையல். ஞாயிற்றுக்கிழமை இங்கே பாட்டு. பத்து வருடமாகப் பாடியும் அவர் குரல் ஒரு பாட்டில்கூட வெளியே போனதில்லை. என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். “அண்ணா வாயத் தொறந்தா ஆட்டோ மாதிரி மீட்டர் ஓடும்போல, அதான் பேசறதில்ல” என்று கிண்டல் செய்வார். நான் சிரிப்பேன்.

போன ஆடிக்கு முன்பு ஒரு பாட்டு டீச்சர் வந்தார். வீட்டில் சங்கீத வகுப்பு நடத்துகிறவர். தங்கள் ஏரியா அம்மன் கோயில் திருவிழாவுக்கு எட்டுப் பாட்டு. டிராக் பாடியது நம் பொம்மனஹள்ளிக்காரர். இரண்டாவது பாட்டை மட்டும் இரண்டு தடவை பாடியிருந்தார். டீச்சர் பாடும்போது டிராக் குரலை அவருடைய இடது காதுக்கும், அவர் குரலை வலது காதுக்கும் கொடுத்தேன். எல்லோருக்கும் அப்படித்தான் கொடுப்பேன்.

கலவை நாளில் பக்கத்து வீட்டில் பச்சைக் குழந்தை இருந்ததால் ஸ்பீக்கர் போட வேண்டாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். ஒரே ஒரு ஹெட்போனில்தான் வேலை, அது என் தலையில். டீச்சர் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணெடுக்காமல் திரையையே பார்த்தார். முதல் பாட்டு முடிந்து இரண்டாவதில் மோனோ பட்டனை அமுக்கினேன். சிவப்பாக எரிந்தது.

“என்னங்க அது, மோனோன்னு காட்டுது?”

“சும்மா... கேக்கறதுக்குங்க.”

“மோனோவெல்லாம் பழசுங்க. நான் ஸ்டீரியோவுல வேணும்னு சார்கிட்ட தெளிவா சொல்லியிருக்கேன். ஆஃப் பண்ணுங்க, ஆஃப் பண்ணுங்க.”

விளக்கியிருக்கலாம். பட்டனை அணைத்துவிட்டேன். ஹெட்போனையாவது மாற்றி மாட்டலாம் என்று கை தலைவரை போனது. ஏன் மாற்றுகிறீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது? கையை இறக்கிக்கொண்டேன். திரையில் இடது விளக்கு வரிசையும் வலது விளக்கு வரிசையும் ஒன்றுபோல ஏறி இறங்கின. சரியாக இருக்கிறது என்று அவற்றை நம்பி, பாடும்போது வலது பக்கம் வைத்த டீச்சர் குரலை நடுவுக்கு நகர்த்தாமல் விட்டேன். டிராக் குரலை மூடினேன். ஒன்றை மட்டும். இரண்டாவது தடவை பாடியதை மூடவில்லை. அது முழுக்க என் சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

திருவிழா முடிந்த வாரம் டீச்சர் திரும்பி வந்தார். வாசலிலேயே சத்தம்.

“சார், என் பாட்டுல இன்னொருத்தி பாடறா! கோயில்ல எல்லாரும் கேக்கறாங்க, ‘கூடப் பாடினது யாரு டீச்சர், நல்ல குரலா இருக்கே’ன்னு. வீட்டுல வந்து இயர்போன் போட்டுப் பாத்தா லெஃப்ட்ல முழுசா அவதான்! கடைசி வரியில வார்த்தை தெரியாம ‘னன்ன னன்னா’ன்னு வேற பாடி வச்சிருக்கா!”

முதலாளி டீச்சர் போனில் கேட்டார். முகம் மாறியது. இடது பக்க இயர்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினார். பழக்க தோஷத்தில் அதை வலது காதில் வைத்துக்கொண்டேன். அப்போதுதான் கேட்டேன். பொம்மனஹள்ளிக்காரர் குரல் மட்டும், மேலே யாரும் இல்லாமல். அடிகளுக்கு நடுவே மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. பத்து வருடத்தில் அந்தக் குரலை எடுத்துவிடும் அவசரத்தோடுதான் கேட்டிருக்கிறேன். நல்ல குரல் என்று கோயிலில் சொன்னவர்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

“ஏனய்யா இது?” என்றார் முதலாளி. “இருபது வருஷக் கை உன்னுது. ரெண்டு காதுலயும் ஹெட்போன் மாட்டிக்கிட்டு உக்காந்திருந்த. இவ்ளோ சத்தம் எப்படித் தப்பும்?”

“தெரியாம நடந்துடுச்சு சார்.”

“தெரியாமலா? கழுதைக்குக்கூடத் தெரியும்யா!”

டீச்சர் குறுக்கே புகுந்தார். “அந்தப் பொண்ணு கேட்டிருப்பா சார், என் குரலையும் ஒரு பாட்டுல விட்டு வைங்கன்னு. இவரும் பாவம் பாத்திருப்பாரு.” பாவம் என்பதை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரே ஒரு வார்த்தை போதும். சார், எனக்கு இடது காது கேட்காது. அதைச் சொன்னால் இத்தனை வருடம் நான் கலந்த ஸ்டீரியோ எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக் கேட்பார்கள். அடுத்த நாள் அந்த நாற்காலியில் என்னை உட்கார விடமாட்டார்கள். ஐம்பதை நெருங்கும் வயதில் வேறெங்கே போவேன்? சொல்லாவிட்டால் பழி பொம்மனஹள்ளிக்காரர் மேல் போகும். இரண்டும் தெரிந்தே நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவரை வரச் சொன்னார் முதலாளி. வழக்கம்போல் பாட்டு என்று நினைத்து, தொண்டைக்கு வெந்நீர் பாட்டிலோடு வந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் முதலில் சிரித்துவிட்டார். பிறகு யாரும் சிரிக்கவில்லை என்று தெரிந்தது.

“நான் ஏன் சார் கேக்கப் போறேன்? ‘னன்ன னன்னா’ன்னு பாடினதையா வெளிய விடச் சொல்லுவேன்? அண்ணா, நீங்களே சொல்லுங்க. நான் உங்ககிட்ட எதாவது கேட்டேனா?”

“கேக்கல” என்றேன்.

“அப்ப எப்படி வந்துச்சுன்னு சொல்லுங்க.”

நான் அவருடைய செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். தையல் விட்டு, வேறு நிற நூலால் தைத்த செருப்பு.

“பாத்தியா, அவனே பதில் சொல்லல” என்றார் முதலாளி. “ஆயித்தம்மா, முடிஞ்சுது. இனிமே வர வேணாம்.”

அவர் என்னைப் பார்த்துவிட்டுப் போனார். கதவு தானாகவே மெதுவாகச் சாத்திக்கொண்டது.

அதன் பிறகு வேறொரு பெண் டிராக் பாட வந்தார். எங்களைப் போன்ற இன்னும் இரண்டு ஸ்டுடியோக்களிலும் பொம்மனஹள்ளிக்காரரைக் கூப்பிடுவதில்லை என்று காதில் விழுந்தது. என்னைக் கேள்வி கேட்டவர் யாரும் இல்லை. அதே நாற்காலி, அதே பஞ்சுச் சுவர். ஹெட்போனைத் திருப்பி மாட்டும்போதெல்லாம் இடது பக்கத்தில் அவர் இருக்கிறாரா என்று தேடினேன். வீட்டில் சோறு இறங்கவில்லை. மனைவி தட்டை என் முன்னால் தள்ளிவிட்டுச் சொன்னாள்:

“காது கேக்காதது ஒரு குத்தமாங்க? அந்தப் பொண்ண திருடின்னு ஆக்கிட்டு வந்து உக்காந்திருக்கீங்களே, அதுதான் குத்தம். போய்ச் சொல்லித் தொலைங்க.”

மூன்று மாதம் கழித்து, ஒரு ஞாயிறு காலையில் பொம்மனஹள்ளிக்குப் போனேன். வரிசையாக வீடுகள் இருந்த காம்பவுண்டில் பொதுக்குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. நான் சுவர் ஓரமாக நின்றேன். அவர் ஏதோ சொல்லியிருக்கிறார். குடம் தூக்க வந்த ஒரு அம்மாள் என் தோளைத் தட்டி, “உங்களத்தான் கேக்குது” என்றார். துணி அலசிக்கொண்டிருந்தவர் என் இடது பக்கம் இருந்தார்.

“எனக்கு அந்தப் பக்கம் கேக்காதும்மா” என்றேன்.

“என்ன?”

“இடது காது. சின்ன வயசுலேர்ந்து. உன் குரல் அந்தப் பக்கம் இருந்துச்சு. அதான் விட்டுப் போச்சு.”

அவர் கையில் இருந்த துணியைப் பிழியாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“பத்து வருஷமா உங்களுக்கு வலது பக்கம் நின்னேனா, இடது பக்கம் நின்னேனா?”

“ரெண்டு பக்கமும்.”

“இடது பக்கம் நின்னு சொன்ன ஜோக்கெல்லாம் வீணாப் போச்சு.” அவர் சிரிக்கவில்லை. “காது கேக்கலன்னு சொல்ல உங்களுக்கு வெக்கம். அன்னிக்கு நான் அங்க நின்னப்ப எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனச்சீங்களாண்ணா? எம் பொண்ணு கேட்டா, ‘ஏம்மா ஞாயித்துக்கெழம பாடப் போகல?’ன்னு. என்னத்தச் சொல்ல?”

“நாளைக்கே சார்கிட்ட சொல்லிடறேன்.”

“நீங்க சொல்ல மாட்டீங்க. அங்க போனதும் தரையப் பாப்பீங்க.” துணியை உதறிக் கொடியில் போட்டார். “எழுதுங்க. உங்களுக்குக் காது கேக்காததுலேர்ந்து, நான் எதுவும் கேக்கலங்கற வரைக்கும் ஒண்ணு விடாம எழுதுங்க. மத்த ஸ்டுடியோவுக்கும் நான் எடுத்துட்டுப் போய்க் காட்டணும்.”

“எனக்கு எழுத வராதும்மா.”

“எனக்கும்தான் வார்த்தை வரல, ‘னன்ன னன்னா’ன்னு பாடினேன்ல? வந்தத எழுதுங்க.”

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆகிவிட்டன. மகளின் பழைய நோட்டில் எழுதினேன். மனைவி வலது பக்கம் உட்கார்ந்து விட்ட எழுத்துகளைச் சொன்னாள். பொம்மனஹள்ளிக்காரர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. தப்பு என்னுடையது. இதில் இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றை இன்று மத்தியானம் பொம்மனஹள்ளியில் கொடுத்துவிட்டு, அங்கிருந்து நேராக முதலாளி வீட்டுக்குப் போகிறேன். அவர் படிக்கும்வரை எதிரிலேயே நிற்பேன். அதற்குப் பிறகு நாற்காலி அவர் இஷ்டம்.

எழுதி முடித்தது: பெங்களூர், 24.11.2024, ஞாயிற்றுக்கிழமை.