மேலாளர் கேட்ட எண்ணிக்கை

இலுப்பூரில் எங்கள் வங்கி மேலாளரின் அறை மூலையில் ஓர் இரும்பு நாற்காலி கிடந்தது. பதினோரு ஆண்டுகள் அதில் உட்கார்ந்தேன். கடன் கேட்டு வருபவர் பேசும்போது நான் கோப்பு பார்ப்பவனைப் போல இருக்க வேண்டும். உண்மையில் அவர் எத்தனை முறை எச்சில் விழுங்குகிறார் என்று எண்ண வேண்டும். அவர் வெளியே போனதும் மேலாளர் என் பக்கம் திரும்பாமலே, "எத்தனை?" என்பார். ஐந்துக்கு மேல் போனால் விண்ணப்பம் திரும்பிவிடும். "காகிதம் பொய் சொல்லும், தொண்டை சொல்லாதுய்யா" என்பார். எதைக் கண்டாலும் எண்ணும் என் குணத்தை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டவர் அவர்.

ஒருநாள் ஆவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார். முந்திரிக்கொட்டை உடைக்கக் கொட்டகை போட வேண்டும், ஆறு பெண்களுக்கு வேலை கொடுக்கலாம் என்று தெளிவாகப் பேசினார். நான் ஒன்பது என்றேன். மேலாளர் அவரை மறுபடி அழைத்து விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தப் பெண் அழவில்லை. வாசல்வரை போய்த் திரும்பி, மேலாளரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அன்று தவக்காலத்து வெள்ளிக்கிழமை. அவர் ஒருசந்தி இருந்தார், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. விரதத்தில் வறண்ட தொண்டையைப் பொய் என்று நினைத்துவிட்டோமே என்று வருந்தினேன். எண்ணிக்கை மட்டும் சரிதான் என்று தேறுதலும் சொல்லிக்கொண்டேன்.

மேலாளர் இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. இப்போது தொலைக்காட்சியில் ஒரு தொழில் போட்டி வருகிறது. ஐந்து முதலீட்டாளர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். தொழில் செய்பவர்கள் எதிரே நின்று முதலீடு கேட்கிறார்கள். லாபம் என்ன, சந்தை எங்கே என்று முதலீட்டாளர்கள் துருவிக் கேட்பார்கள். நான் ஒலியை நிறுத்திவிட்டுத் தொண்டையைப் பார்ப்பேன். வெறுங்கையோடு திரும்புவாரா என்று பதினான்கு பேரைப் பற்றிச் சொன்னேன், பதினான்கும் பலித்தது. பதினைந்தாவது ஆளுக்கு எண்ணி முடித்தபோது என் காதருகே "எத்தனை?" என்று கேட்டது. அப்போது வீட்டில் வேறு யாரும் இல்லை.

அந்தப் போட்டிக்கு என் மகள் தேர்வானாள். ஆலங்குடியில் கடலை எண்ணெய் ஆட்டுகிறாள். இருந்த நகையையெல்லாம் செக்கில் போட்டவள். இந்த முதலீடு கிடைக்காவிட்டால் செக்கை விற்றுவிட வேண்டியதுதான். சென்னைக்குப் புறப்படும் முன், எங்கள் இருவரையும் பார்க்கும்படி போனை ஜன்னலில் சாய்த்து வைத்துப் பதிவு செய்தபடி, என் எதிரே நின்று பேசிப் பார்த்தாள்.

"எப்படிப்பா இருந்துச்சு?"

"ஒன்பது. வேணாம்மா, நீ போகாத."

"எது ஒம்பது?"

சொன்னேன்.

"நா பேசுனத விட்டுட்டுத் தொண்டையவா பாத்துக்கிட்டு இருந்தீங்க? ஒங்க மேனேஜரு செத்தும் ஒங்கள விடலயா? நா ஒரு தடவகூட முழுங்கல. இந்தா, நீங்களே பாருங்க."

பார்த்தேன். அவள் தொண்டை அசையவே இல்லை. எதிரே உட்கார்ந்திருந்த கிழவனின் தொண்டைதான் ஏறி இறங்கியது. அவள் விரல் விட்டு எண்ணினாள். ஒன்பது.

"இப்பச் சொல்லுங்க. போகவா, வேணாமா?"

"போய்ட்டு வாம்மா" என்றேன்.

போயிருக்கிறாள், முடிவு இன்னும் தெரியவில்லை. பதினோரு ஆண்டுகளில் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினேன் என்று எண்ணப் பார்க்கிறேன். எண்ணிக்கை அந்தப் பெண்ணிடமே வந்து நின்றுவிடுகிறது. அன்று அவர் கோயிலிலிருந்து நேராக வந்திருந்தார். தலையில் போட்ட முக்காட்டை இழுத்துத் தாடைக்குக் கீழே சுற்றியிருந்தார். கழுத்து வெளியே தெரியவே இல்லை.