சாமியானாவா, தகரமா?

பந்தல் தொழிலில் வானம்தான் முதலாளி, திட்டு வாங்குவது மட்டும் நாங்கள். மதுரைப் பக்கம் விசேஷம் வைத்து, சாம்பாரில் மழைத்தண்ணீர் விழுவதைப் பார்த்துத் தவித்தவர்களுக்கு என் பாடு புரியும். வெயிலுக்குச் சாமியானா போதும். மழைக்குத் தகரம் வேண்டும். மாற்றிப் போட்டால் பந்தி நனையும், அடுத்த முகூர்த்தத்துக்கு ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள்.

பாலைவனத்தில் காதுகுத்து

திருமங்கலம் பக்கம் ஒரு விவசாயி, ஐப்பசியில் பேத்திக்குக் காதுகுத்து வைத்தார். "தகரம் போட்டுருவோம்ணே" என்றேன். செல்போனை என் மூக்குக்கு நேராக நீட்டினார். தென்மாவட்டமெல்லாம் பாலைவனமாகப் போகிறது என்று அதில் ஒருவர் அலறிக்கொண்டிருந்தார். பேத்தி கிழவியாகும்போது நடக்கப்போவதாகச் சொல்வதை வைத்து, வருகிற வெள்ளிக்கிழமைக்குப் பந்தல் முடிவு செய்கிறவரிடம் என்ன பேசுவது? சாமியானாவே போட்டோம்.

தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்த நேரம் பார்த்துக் கொட்டியது. குடைக்குக் கீழேதான் காது குத்தினார்கள். தாத்தா செல்போனை வேட்டியில் துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: "பாலைவனம்னானே, எப்பருந்துன்னு சொன்னானா அந்தப் பய?"

புள்ளி வைத்த வெயில்

கோச்சடையில் ஒரு பருவநிலை விழிப்புணர்வுக் கூட்டத்துக்குப் பந்தல் போட்டிருந்தேன். பேச வந்தவர் திரையில் கோடு கோடாகக் காட்டி, இந்த நூற்றாண்டு முடிகிறபோது மதுரையில் எத்தனை டிகிரி வெயில் அடிக்கும் என்று தசமப் புள்ளி வைத்துச் சொன்னார். சரிபார்க்க யார் இருக்கப்போகிறோம் என்ற தைரியம்! கைதட்டல் முடிந்து இறங்கியவர், மேற்கே கறுத்திருந்த வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தார். "அண்ணே, பைக்ல வந்திருக்கேன். மழை வருமா, வராதா?"

செல்லூர்த் தகரம்

இந்த இரண்டு கதையையும் வைத்தே, 'சூடு ஏறுதாம், எல்லாம் டுபாக்கூர்' என்று டீக்கடையில் யாரையும் வாய் திறக்க விடாமல் இருந்தேன். போன சித்திரையில் செல்லூரில் ஒரு பாய் வீட்டு நிக்காஹ். கோடை மழைக்குப் பயந்து சந்து முழுக்கத் தகரம் கேட்டிருந்தார்கள். மதியம் மூலைத் தகரம் மட்டும் பாக்கி. என்னிடம் உயரத்தில் ஏறி வேலை பார்ப்பவன் சின்னச்சாமி ஒருத்தன்தான். அவன் போய்விட்டால் நான் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

அவன் பாதியில் இறங்கிவிட்டான். உள்ளங்கையில் கொப்புளம் கிளம்பியிருந்தது. "முன்னெல்லாம் இந்நேரம் ஏறுனவன்தேன். இப்ப முடியலண்ணே" என்றான். எனக்கோ சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் வந்துவிடுவார்களே என்ற பதற்றம். 'என்னைக்கும் அடிக்கிற வெயில்தானப்பா' என்று டீக்கடைப் பிரசங்கத்தை அங்கேயும் ஆரம்பித்தேன். சின்னச்சாமி கயிற்றைச் சுருட்டி என் கையில் வைத்தான். "அவுக சொன்னதெல்லாம் பொய்யாவே இருக்கட்டும்ணே. நீங்க ஒருக்கா மேல ஏறி அந்தத் தகரத்தத் தொட்டுட்டு வாங்க."

ஏறினேன், தொட்டேன், அன்றிலிருந்து எங்கள் ஆட்கள் பொழுது சாய்ந்துதான் தகரத்தில் கை வைக்கிறார்கள், டீக்கடையில் மட்டும் நான் இன்னும் ஜெயித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.