சத்தமில்லாத கேமராவும் உபய விளக்குகளும்

ஆறாயிரத்து நானூறு. ஜாய்சனின் பழைய கேமரா இருட்டில் தாக்குப்பிடித்த கடைசி எண் அது. வெளிச்சம் குறையக் குறைய அந்த எண்ணைக் கூட்டிக்கொண்டே போகலாம். இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையே கேமரா பெரிதாக எடுத்துக்கொள்ளும். ஆறாயிரத்து நானூறைத் தாண்டினால் மட்டும் பாடகரின் முகத்தில் யாரோ ரவையைக் கொட்டியது போலப் புள்ளி புள்ளியாக வந்து நிற்கும். அல்சூரில் ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் அந்தச் சின்ன சங்கீத சபாவில், மேடைக்கு மேலே தொங்கிய மஞ்சள் பல்புகளுக்கு அந்த எண்ணே பற்றாது. ஃபிளாஷ் அடிக்கவும் கூடாது. பல வருடம் ஜாய்சன் அந்த ரவையோடுதான் மல்லுக்கட்டினான்.

பகலில் அவனுக்கு வேலை பீன்யா தொழிற்பேட்டையில். பம்பு, வால்வு, பேரிங் என்று வருவதையெல்லாம் வெள்ளைத் தாளில் வைத்து, கம்பெனிகளின் கேட்டலாகுக்குப் படமெடுப்பான். அவை அசையாது, வியர்க்காது, கண்ணை மூடாது. தங்கவயலில் பிறந்தவன். சுரங்கம் மூடிய பிறகு குடும்பம் ஈஜிபுராவுக்கு வந்து சேர்ந்தது. சர்ச், கொயர், கீபோர்டு என்று வளர்ந்தவனுக்குக் கர்நாடக சங்கீதத்தோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சபாவுக்குள் அவன் முதலில் போனதே ஒரு ஸ்பீக்கர் கம்பெனிக்காக, சுவரில் புதிதாக மாட்டிய பெட்டிகளைப் படமெடுக்கத்தான். எடுத்து முடித்துப் பையை மூடும்போது மேடையில் ஒருவர் பாட ஆரம்பித்தார். ஜாய்சன் சும்மா லென்ஸை அந்தப் பக்கம் திருப்பினான். அந்த மனிதர் கெஞ்சினார், கோபித்துக்கொண்டார், எதையோ தொலைத்தவர் போலத் தேடினார், கிடைத்ததும் சிரித்தார். எல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே. பிறகு மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தண்ணீர் குடித்தார்.

அதிலிருந்து சனிக்கிழமைகளில் ஜாய்சன் வேறு வேலை ஒத்துக்கொள்ளவில்லை. ராகத்தின் பெயர் இன்றைக்கும் தெரியாது. ஆனால் பாடகர் எப்போது உச்சத்தைத் தொடுவார் என்பது கழுத்து நரம்பைப் பார்த்தால் தெரிந்துவிடும். சபாவின் செயலாளர் சீனிவாசராகவன் அந்தப் படங்களைப் பெரிதாகப் போட்டு வராந்தா முழுக்க மாட்டினார். மேடையின் இடது ஓரம், முதல் வரிசைக்கு முன்னால், தரையில் ஒரு சின்ன ஜமக்காளம் அவனுக்கென்று விழும். ஊரில் அவனுக்கென்று யாரும் ஒதுக்கிக் கொடுத்த ஒரே இடம் அதுதான்.

அந்த இடம் போனது சத்தத்தால்.

பழைய கேமராவுக்குள் ஒரு கண்ணாடி உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் அது மேலே எழும்பிக் கீழே விழும். டக்-சக். கல்யாண வீட்டில் யார் காதிலும் விழாது. ஒரு நாள் சென்னையிலிருந்து வந்த பெரிய பாடகர் ஒருவர் கண்ணை மூடி, மூச்சுக் காற்றைப் போலப் பாடிக்கொண்டிருந்தபோது அவர் காதில் விழுந்தது. பாடகர் நிறுத்தினார். கண்ணைத் திறந்தார்.

“தம்பி, தாளத்துக்கு இங்க ஏற்கெனவே ஆள் இருக்கா. நீங்க வேற எதுக்கு?”

ஹால் முழுக்கச் சிரித்தது. அடுத்த வாரமே கமிட்டி கூடி, கச்சேரி நேரத்தில் கேமரா உள்ளே வரக்கூடாது என்று முடிவு செய்தது. சீனிவாசராகவன் ஜாய்சனின் தோளில் கைபோட்டு வாசல்வரை வந்தார். “மனசுல வெச்சுக்காதேப்பா. சத்தம் போடாத கேமரான்னு ஒண்ணு வந்தா வாங்கிண்டு வா. அன்னிக்கே உன்ன உள்ள விடறேன்” என்றார். சமாதானத்துக்குச் சொன்ன பேச்சு. ஜாய்சன் அதை அப்படியே பிடித்துக்கொண்டான்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. பழைய கேமராவையும் அதன் லென்ஸ்களையும் கடையில் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு, உள்ளே கண்ணாடியே இல்லாத புதியது ஒன்றை வாங்கினான். இருட்டில் அது முன்னதைவிட இரண்டு மடங்கு தாங்கும். அதைவிடப் பெரிய விஷயம், அதில் ஒரு சின்னச் சக்கரத்தைத் திருகினால் துளிச் சத்தமும் வராது. வேண்டுமென்றால் ஷட்டர் திரை திறந்து மூடும் சத்தத்தோடும் எடுக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி ஆஞ்சலாவை ஜன்னலோரம் உட்காரவைத்து எடுத்தான்.

“எப்ப எடுப்ப? கழுத்து வலிக்குது.”

“இருபது எடுத்தாச்சு.”

“இன்னாபா இது, திருட்டு மெஷினு மாதிரி? எடுத்துட்டன்னு ஒரு சத்தம் வந்தாத்தானே நான் மூச்சு விட முடியும்?”

“சபாவுல எனக்கு அதான் வேணும்.”

“அவங்களுக்கு உன் கேமராதான் ஊமையாவணும். உன்னயும் ஆக்கிடப் போறாங்க, பாத்துக்க.”

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சோதித்தான். எல்லாரும் தலைகுனிந்து மௌனமாக இருந்த நேரத்தில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், நாற்பது படம். ஒருவரும் திரும்பவில்லை. படங்களில் ரவை இல்லை. திங்கட்கிழமை அவற்றை எடுத்துக்கொண்டு சீனிவாசராகவன் முன்னால் போய் நின்றான். அவர் கேமராவைக் காதோரம் வைத்து, பொத்தானைத் தானே நாலு தடவை அழுத்திப் பார்த்தார்.

“சரி. இந்தச் சனிக்கிழமை தாரணி பாடறா. இங்க அவளுக்கு முதல் மெயின் கச்சேரி. நான் கமிட்டிகிட்ட பேசறேன். ஆனா ஒண்ணு, ஜாய்சன். ஒரு சத்தம் கேட்டாலும் அதுக்கப்புறம் என்னால எதுவும் பண்ண முடியாது. படம் நன்னா வந்தாத்தான் அவாகிட்ட காட்டி உன் இடத்த நிரந்தரமாக் கேக்க முடியும்.”

சனிக்கிழமை ஜமக்காளம் பழைய இடத்தில் விரித்திருந்தது. ஜாய்சன் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். தாரணி முதல் பாட்டை எடுத்தாள். பக்கத்தில் மிருதங்கத்தோடு கண்ணா. தாரணி தலையை நிமிர்த்திய கணத்தில் ஜாய்சன் அழுத்தினான். சத்தமே இல்லை. திரையைப் பார்த்தான்.

தாரணியின் புடவைக் கரையைவிட அகலமான கரை அவள் நெற்றியில் ஓடியது. கன்னத்தில் ஒன்று, கழுத்தில் ஒன்று. படத்தின் மேலிருந்து கீழ்வரை கறுப்பும் வெளுப்புமாகப் பட்டை பட்டையாகக் குறுக்குக் கோடு.

நிமிர்ந்து மேலே பார்த்தான். மஞ்சள் பல்புகளைக் காணோம். அந்த இடத்தில் எல்.இ.டி. பலகைகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றின் ஓரத்திலும் சிவப்புப் பெயின்டில், ‘உபயம்: முனிகிருஷ்ணன், அல்சூர்’ என்று எழுதியிருந்தது. பாடுகிறவர்களுக்குக் கண் கூசாமலிருக்க வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து வைத்திருந்தார்கள்.

இப்படிக் குறைத்த விளக்கு தொடர்ந்து எரிவது போல இருக்கும். உண்மையில் அது கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிகிறது. சத்தமில்லாமல் எடுக்கும்போது கேமரா காட்சியை ஒரே வாயில் விழுங்குவதில்லை. மேலிருந்து கீழாக வரி வரியாகப் படித்து வருகிறது. விளக்கு அணையும்போது படித்த வரி கறுப்பு, எரியும்போது படித்தது வெளுப்பு. ஜாய்சனுக்கு இது தெரியாத சங்கதி இல்லை. வாங்குவதற்கு முன்னால் பார்த்த வீடியோவில் ஒருவர் சொன்னார். ‘நம்ம ஹாலில் மஞ்சள் பல்புதானே’ என்று அந்த இடத்தை ஓட்டிவிட்டான்.

ஷட்டரின் வேகத்தைக் குறைத்துப் பார்த்தான். கோடு மறைந்தது. ஆனால் கண்ணாவின் விரல்கள் புகையாகிவிட்டன, தலையாட்டிப் பாடும் தாரணிக்கு இரண்டு மூக்கு வந்தது. வேகத்தைக் கூட்டினால் விரல் தெளிவாக வந்தது, கூடவே கோடும் வந்தது. சத்தத்தோடு எடுத்தால் ஷட்டர் திரை சட்டென்று மூடிவிடும், கோடு பெரும்பாலும் வராது. அதற்கான சக்கரம் அவன் கட்டைவிரலுக்கு அடியிலேயே இருந்தது. விரலை அங்கிருந்து எடுத்தான்.

இரண்டாவது பாட்டு முடிந்து கைதட்டல் எழுந்தபோது, குனிந்தபடியே சீனிவாசராகவனின் நாற்காலிக்குப் போனான்.

“சார், லைட்டு துடிக்குது.”

“எங்க துடிக்கறது? நன்னாத்தானே எரியறது?”

“கண்ணுக்குத் தெரியாது சார். கேமராவுக்குத்தான் தெரியுது.”

“கண்ணுக்குத் தெரியாததை நான் எப்படிப்பா நிறுத்தறது?”

“இத ஆஃப் பண்ணிட்டு, பழைய பல்ப மட்டும்...”

“பழசெல்லாம் கழட்டிக் கொடுத்தாச்சு.” சீனிவாசராகவன் குரலை இன்னும் இறக்கி, முகவாயால் முதல் வரிசையைக் காட்டினார். “அதுவும் இல்லாம, அவரே வந்து உக்காந்திருக்கார்.”

முனிகிருஷ்ணன் தோளில் சால்வையோடு நடுவில் உட்கார்ந்திருந்தார். அல்சூர் பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறவர். தாரணியைவிட அதிகமாக அவர் மேலே தன் விளக்குகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு காதில் விழுந்திருக்க வேண்டும், திரும்பினார்.

“இன்னா தம்பி, லைட்டு பத்தலியா? ஸ்வல்ப ஜாஸ்தி பண்லாமா?”

ஜாய்சனின் மனதில் ஒரு பொறி தட்டியது. முழு வெளிச்சத்தில் வைத்தால் விளக்கு துடிக்காமல் இருக்கலாம். “ஆமாங்க சார், ஃபுல்லா போட்டா நல்லாருக்கும்” என்றான்.

முனிகிருஷ்ணன் தானே எழுந்து போய் சுவரிலிருந்த குமிழைக் கடைசிவரை திருப்பினார். மேடை வெள்ளையாகப் பளிச்சிட்டது. ஜாய்சன் ஒரு படம் எடுத்தான். கோடு இல்லை! அடுத்ததை எடுப்பதற்குள், மூன்றாவது பாட்டைத் தொடங்கியிருந்த தாரணி பாடிக்கொண்டே கையைப் புருவத்தின் மேல் வைத்தாள். இன்னொரு கை, குறையுங்கள் என்று காற்றில் அமுக்கியது. கண்ணாவும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு யாரையோ தேடினான். சீனிவாசராகவன் ஓடிப்போய் குமிழைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். கோடும் கலங்கலும் இல்லாத அந்த ஒரே படத்தில் பாடகி கண்ணைச் சுருக்கி, வெயிலில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் போல இருந்தாள்.

“பாக்கலாம், வேற எதாவது பண்ணிக்கோ” என்று சீனிவாசராகவன் காதில் சொல்லிவிட்டுப் போனார். ஜாய்சன் தன் ஜமக்காளத்தில் உட்கார்ந்தான். பண்ணிக்கொள்ள என்ன இருந்தது? பழைய கேமரா இந்நேரம் யார் தோளிலோ. தாரணி பாடினாள். அன்றைக்கு அவள் பாடியது எல்லாருக்கும் பிடித்திருந்தது. முன்வரிசையில் தலைகள் ஆடின. அவள் முகத்தில் அவன் வருடக்கணக்காகக் காத்திருந்த எல்லாமும் வந்து வந்து போயின. எடுத்த எல்லாவற்றிலும் கோடு. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு எடுப்பதை நிறுத்திவிட்டு, எடுப்பது போலக் கேமராவை முகத்தில் வைத்துக்கொண்டிருந்தான்.

தாரணி பாட்டை நிறுத்தி, மிருதங்கம் தனியாக வாசிக்கும் நேரம் வந்தது. கண்ணா வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு ஆரம்பித்தான். கொஞ்ச நேரத்தில் அடி பலத்து, ஹாலின் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. அப்போதுதான் ஜாய்சனுக்குத் தோன்றியது. இந்தச் சத்தத்துக்குள் ஒரு டக்கை ஒளித்துவைத்தால் யாருக்குக் கேட்கும்?

சக்கரத்தைத் திருகினான். பலமான அடி விழும் இடத்தில் மட்டும் அழுத்தினான். ஒன்று. யாரும் திரும்பவில்லை. திரையில் கண்ணாவின் ஐந்து விரலும் தோலின் மேல் தெளிவாக நின்றன. கோடு இல்லை. இன்னொன்று. இன்னொன்று. தாரணி தொடையில் தட்டும் தாளத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, அடியோடு அடியாக விரலைச் சேர்த்தான். ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. நெஞ்சு லேசானது. இப்படி ஒரு பத்துப் படம் கிடைத்தால் போதும், சீனிவாசராகவன் கமிட்டியிடம் கேட்டுவிடுவார்.

முடிக்கும் இடம் வந்தது. ஒரே கோர்வையை மூன்று தடவை வாசித்து, ஒவ்வொன்றுக்கும் நடுவில் சின்ன இடைவெளி விட்டுக் கண்ணா கடைசி அடியைப் போடுவான். முதல் தடவை. இடைவெளி. இரண்டாம் தடவை. அதே அளவு இடைவெளி. மூன்றாவது முடியப்போகிறது. தாரணி அவனைப் பார்த்துச் சிரிக்கிறாள். கடைசி அடிக்குக் கண்ணா கையைத் தூக்கினான். ஜாய்சன் அழுத்தினான்.

கண்ணா அடிக்கவில்லை. கையை மேலேயே நிறுத்திவிட்டான். வேண்டுமென்றே விட்ட இடைவெளி. முந்திய இரண்டையும்விட நீளமானது. ஹால் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

டக்.

அதற்குப் பிறகுதான் மிருதங்கத்தில் அடி விழுந்தது. கைதட்டல் வந்தது. ஆனால் முதல் வரிசையில் மூன்று தலைகள் மேடையைப் பார்க்கவில்லை, சீனிவாசராகவனைப் பார்த்தன. அவர் தரையைப் பார்த்தார்.

படம் திரையில் இருந்தது. கை உயரே, தாரணியின் சிரிப்பு, இருவர் கண்ணும் ஒன்றையொன்று பிடித்தபடி. ஜாய்சன் அதை உற்றுப் பார்த்தான். கை துளியும் அசையவில்லை. அசையாத கைக்கு வேகம் வேண்டியதே இல்லை. சத்தமில்லாமல், மெதுவான ஷட்டரிலேயே அந்தப் படம் கோடில்லாமல் வந்திருக்கும்.

கச்சேரி முடிந்து கண்ணா மிருதங்கத்தை உறையில் போட்டுக்கொண்டு வந்தான்.

“அண்ணா, அந்த எடத்துல ஒண்ணும் வாசிக்காம விட்டேன் பாருங்க. அதுக்கு எவ்ளோ சாதகம் பண்ணேன் தெரியுமா? நீங்க ஒரே வெரல்ல முடிச்சிட்டீங்க.” சிரித்தான். “போட்டோ அனுப்புங்க, டிபி வெக்கணும்.”

தாரணி சொந்தக்காரர்களுக்கு நடுவில் இருந்தாள். இந்தப் பக்கம் பார்க்கவில்லை. முனிகிருஷ்ணன் போகிறபோக்கில், “லைட்டு இப்ப ஓக்கேதானே?” என்று கேட்டார். ஜாய்சன் தலையாட்டினான்.

சீனிவாசராகவன் கடைசியாக வந்தார். கேமராவை வாங்கித் திரையை வெகுநேரம் பார்த்தார்.

“நன்னா வந்திருக்கு.”

“அவர் அடிப்பார்னு நெனச்சேன் சார்.”

“நானுந்தான் நெனச்சேன். நான் அழுத்தலியே.” கேமராவைத் திருப்பிக் கொடுத்தார். “கமிட்டிக்காரா மூணு பேரும் என்னத்தான் பாத்தா. எந்த மூஞ்சிய வெச்சுண்டு நான் திரும்பக் கேப்பேன், சொல்லு?”

ஜாய்சன் கேமராவைப் பையில் வைத்தான். காவலாளி வந்து ஜமக்காளத்தைச் சுருட்டினார்.

வரும் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அதே மேடையில் புல்லாங்குழல் கச்சேரி. அதே நேரத்துக்கு லிங்கராஜபுரத்தில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் படமெடுக்க ஜாய்சன் ஒத்துக்கொண்டிருக்கிறான்.