கொஞ்சம் சாய்ந்த தலை

முகையூர் ஜெசிந்தாவுக்கு முகம் பார்க்கிற பைத்தியம். பஸ்ஸில் எதிரே இருப்பவரை அவள் உற்றுப் பார்த்தால் அந்த ஆள் பதறிப்போய்ச் சட்டைப் பொத்தானைச் சரிபார்ப்பார். அவளோ அவர் மூக்கை மனசுக்குள் களிமண்ணில் பிடித்துக்கொண்டிருப்பாள். கிறிஸ்துமஸ் குடிலுக்கு ஆட்டுக்குட்டி வார்க்கப் போனவள்தான். ஆடு நன்றாக வந்தது, இடையரும் நன்றாக வந்தார். அப்புறம் திண்டிவனத்தில் ஒரு பட்டறையில் சேர்ந்து கட்சித் தலைவர்களாக வார்த்துத் தள்ளினாள். கட்சி எதுவானாலும் அங்கே சட்டம் ஒன்றுதான்: தலைவர் தலை நிமிர்ந்திருக்க வேண்டும். இம்மி சாய்ந்தாலும் ஒன்றியச் செயலாளர் குதிகுதி என்று குதிப்பார்.

இப்போது விக்கிரவாண்டிக்கு வெளியே சொந்தக் கொட்டகை. வாசலில் வேட்டி கட்டிய உடம்பு ஒன்று தலையில்லாமல் நிற்கும். அவளுக்கு அதுதான் விளம்பரப் பலகை.

திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கமிருந்து சீனுவாசன் வந்தது அதைப் பார்த்துத்தான். இறந்துபோன அப்பாவுக்கு, கரும்புக் கொல்லை ஓரமாக மார்பளவுச் சிலை வேண்டும் என்றார். கல்யாண வீட்டில் எடுத்த ஒரு போட்டோவைக் கொடுத்தார். ஜெசிந்தாவுக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. தலைவர் அல்லாத ஒரு மனிதரைத் தன் பொறுப்பில் செய்வது இதுதான் முதல் தடவை.

களிமண்ணில் முகத்தைப் பிடித்தாள். அதன்மேல் பிளாஸ்டரைக் குழைத்துப் பூசி, இரண்டு பாதியாக அச்சு எடுத்தாள். அச்சுக்குள் மெழுகு தடவி, ரெசினையும் ஃபைபர் விரிப்பையும் மாற்றி மாற்றிப் படியவிட்டாள். இறுகியதும் அச்சைத் தட்டி உடைத்தால், உள்ளேயிருந்து பெரியவர் வெளியே வந்தார். சீனுவாசன் பார்த்துவிட்டு, "அப்பாவேதாங்க!" என்று கண்கலங்கினார். மறுநாள் அம்மாவைக் கூட்டிவந்தார்.

கோவிந்தம்மாள் சிலையைச் சுற்றி வந்தாள். முகம் சுருங்கிவிட்டது.

"இவரு எங்க வூட்டுக்காரரு இல்ல."

ஜெசிந்தா போட்டோவை எடுத்து மூக்கு, மீசை, கன்னத்து மச்சம் என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். எல்லாவற்றையும் கிழவி ஒத்துக்கொண்டாள். "எல்லாம் சரிதாம்மா. ஆனா அவரு இல்ல. இதப் போயி கொல்லையில வெச்சிக்கினு நான் யாரப் பாக்கறது?"

"பேஜாரு பண்ணாதம்மா," என்று சீனுவாசன் பல்லைக் கடித்தார்.

ஜெசிந்தா எழுந்து நடந்தாள், நின்றாள், திரும்பினாள். அவள் எந்தப் பக்கம் திரும்பினாலும் கோவிந்தம்மாள் சுற்றிக்கொண்டு அவளது இடது பக்கமே வந்து நின்று பேசினாள், அதுவும் உரக்க.

"ஏம்மா, இந்தப் பக்கமே வந்து வந்து பேசறீங்க?"

கிழவிக்கு வெட்கமாகிவிட்டது. "அவருக்குச் சோத்துக்கை பக்கத்துக் காது கேக்காதும்மா. காலம்பூரா ஆயில் இன்ஜின் பக்கத்துலயே நின்னு அவிஞ்சி பூட்ச்சி. நான் பேசுனா இந்த எடது காதத்தான் சாச்சிக்கினு வருவாரு. எனக்கும் அப்பிடியே பழகிப்போச்சி."

ஜெசிந்தா போட்டோவைப் பார்த்தாள். பெரியவர் தலை இடது பக்கமாகச் சாய்ந்துதான் இருந்தது. கேமராக்காரன் கோணலாக எடுத்துவிட்டான் என்று நினைத்து, தலைவர்களை நிமிர்த்துகிற அதே கையால் அவரையும் நிமிர்த்தி வைத்திருந்தாள். தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள்.

அறுக்கும் மெஷினை எடுத்தாள். சீனுவாசன் குறுக்கே பாய்ந்தார். "ஐயோ, என்னா மேடம்! எங்கப்பா கழுத்தயே அறுக்கறீங்களா?"

"அறுக்கட்டும், வுடுடா," என்றாள் கோவிந்தம்மாள்.

கொட்டகை முழுக்க வெள்ளைத் தூசி. தனியே வந்த தலையை ஜெசிந்தா கழுத்தின்மேல் வைத்து மெதுவாகச் சாய்த்தாள். "இவ்ளோவா?" "இன்னும் துளி." "இப்போ?" கிழவி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அந்த இடத்தில் குறி போட்டாள் ஜெசிந்தா.

பிறகு ஒரு வாரம், இடைவெளிக்கு ஆப்பு வைத்து, ரெசினால் ஒட்டி, பட்டி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, வெட்டிய தடமே தெரியாமல் வண்ணம் அடித்தாள். கட்சிக்காரர்கள் பார்த்தால் வேலையே கொடுக்கமாட்டார்கள் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே செய்தாள். ஆனால் கிழவி மறுபடி 'இல்லை' என்றுவிடுவாளோ என்ற பயம் அவளை விடவே இல்லை.

கோவிந்தம்மாள் வந்தாள். நேரே சிலையின் இடது பக்கம் போய் நின்று, காதருகே குனிந்து, உரக்கச் சொன்னாள்:

"சோறு ஆறிப்போவுதுன்னு அன்னிக்கி எவ்ளோ தடவ கூப்ட்டேன்! எப்பவும்போல காதுல வுழலன்னுதாங்க நெனச்சேன். உசுரு போச்சின்னு தெரியாமப் பூட்ச்சிங்க."