மீன்பெட்டித் தலையன்

இதுவரை எடுக்கப்பட்ட படங்களிலேயே மிக மோசமான படம் எங்கள் செட்டிபாளையத்தில்தான் எடுக்கப்பட்டது. அதில் நடித்தவள் நான், ஆகவே சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. வேறு யாராவது சொல்லட்டும் பார்ப்போம், சண்டைக்கு வருவேன்.

எடுத்தவர் மாமா, அம்மாவின் தம்பி. கலியாண வீட்டுக்கும், பெண் பிள்ளைகள் பெரியவளானால் வைக்கும் சாமத்திய வீட்டுக்கும் வீடியோ எடுப்பது அவர் தொழில். கலியாணம் கட்டியதும், எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண் வீட்டுக்கே, மாமியின் வீட்டுக்கே குடிபோயிருந்தார். அந்த வீடு கடலுக்கு எதிர்த்திசையில், வாவிப் பக்கம் இருந்தபடியால் சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்த நாளில் அவருடைய கமெராவில் ஒரு துளி நீர்கூடப் படவில்லை. எங்கள் வீடு கடற்கரைப் பக்கம். வீட்டையும் அப்பாவையும் கடல் கொண்டுபோனது. அம்மாவும் அண்ணனும் நானும் அகதி முகாமின் தகரக் கொட்டிலுக்கு வந்தோம். எனக்கு ஒன்பது வயது, அண்ணனுக்குப் பதினேழு.

பதினேழு அப்போது கெட்ட வயது. சண்டைக்குச் சேர்க்க வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்டு, துவக்கோடு ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். முதல் முறை வந்தபோது அம்மா வாசலில் குறுக்கே நின்றுகொண்டு, "கடலுக்கு ஒருத்தரக் குடுத்திட்டன். இனி ஆருக்கும் குடுக்க எங்கிட்ட ஆளில்ல" என்றார். மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். மறுநாள் நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது அண்ணன் இல்லை. கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விட்டான் என்றார் அம்மா. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனவன் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அடுத்த கிழமை மாமாவுக்குப் படம் எடுக்கும் விசர் பிடித்தது. நூறு வருடத்துக்குப் பிறகு நடக்கும் கதை. உலகத்தைக் கடல் விழுங்கிவிடுகிறது. மிச்சமிருக்கும் மனிதர்களை ஓர் இயந்திர மனிதன் ஆளுகிறான். எல்லாருக்கும் ஓர் இலக்கம், தண்ணீருக்கு வரிசை, பாட்டுப் பாடினால் தண்டனை. இதற்கெல்லாம் செட் போட வேண்டியிருக்கவில்லை. சுவரில்லாமல் நின்ற கதவு நிலைகளும், விழுந்து கிடந்த தென்னைகளும், நிவாரணத்துக்கு வந்த கறுப்புத் தண்ணீர்த் தாங்கியும் கடற்கரையில் ஏற்கெனவே தயாராக இருந்தன.

இயந்திர மனிதனின் தலை, ஐஸ் போட்டு மீன் ஏற்றுகிற, நுரைபோல் எடையில்லாத வெள்ளை றெஜிபோம் பெட்டி. கண்ணுக்கு இரண்டு ஓட்டை. உடம்புக்கு வெள்ளி மை பூசிய உரப்பை. காலுக்குக் குழாய் மாட்டியிருந்ததால் முழங்கால் மடியாது. உள்ளே இருப்பவன் மாமிக்குச் சொந்தக்காரன், வெல்லாவெளி ஊரிலிருந்து வந்த ஒரு பொடியன் என்றார் மாமா. அவன் ஒரு வார்த்தை பேச மாட்டான். கிட்டப் போனால் சூரை மீன் நாறும். நான்தான் கதாநாயகி என்று சொல்லிக் கூட்டிப்போய்விட்டு, படம் முழுக்க அவனையே எடுத்தார் மாமா. அவன் கரையில் நடந்தான். திரும்பி நடந்தான். எட்டு மாதம் நடந்தான். மத்தியானம் எங்களுக்கெல்லாம் மாமி வீட்டு விறாந்தையில் சோறு, அவனுக்கு மட்டும் கசெட் வைக்கும் அறைக்குள், கதவைப் பூட்டிக்கொண்டு. பொரித்த மீனில் பெரிய துண்டு எப்போதும் அந்தத் தட்டுக்குத்தான் போகும். அவர் என்ன பெரிய நடிகரோ என்று நான் கேட்டதற்கு, "வாயப் பொத்திக்கிட்டுத் தின் புள்ள" என்றார் மாமி.

ஒரு பின்னேரம், நான் அழ வேண்டிய காட்சி. ஐந்து தரம் எடுத்தும் அழுகை வரவில்லை. ஆறாவது தரம் கொஞ்சம் வருவதுபோல இருந்த நேரம் பார்த்து ஒரு மோட்டார் சைக்கிள் மணலில் வந்து நின்றது. இரண்டு பேர். பிள்ளை கேட்டு எங்கள் கொட்டிலுக்கு வந்த அதே ஆட்கள். ஒருவர் நேரே போய் மீன்பெட்டியில் விரலால் தட்டினார்.

"உள்ளுக்க ஆரு?"

மாமா கமெராவைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. வந்த அழுகை போயிற்றே!

"வெல்லாவெளிப் பொடியன்! நடிக்கவும் தெரியா, நடக்கவும் தெரியா. நீங்க நடுவில நிண்டா வெயில் போயிரும், அங்கால தள்ளி நில்லுங்க!" என்று கத்தினேன்.

மாமா கண்ணை மூடிக்கொண்டார். வந்தவர் சிரித்தார். பிறகு என்னிடம் திரும்பி, "உங்கட அண்ணன் எங்க, தங்கச்சி?" என்று மெல்லக் கேட்டார்.

"கொழும்பில! போனவன் ஒரு கடிதம் போட்டானா? அவன்ட கதைய எங்கிட்டக் கேக்காதீங்க!"

அவ்வளவு நேரமும் வராத அழுகை அப்போது தானாக வந்தது. மூக்கு ஒழுக ஒழுக அழுதேன். என் கோபத்தில் அவர்கள் பொய் எதையும் காணவில்லை, பொய் இருக்கவுமில்லை. மோட்டார் சைக்கிள் போய்விட்டது. மாமா கமெராவை நிறுத்த மறந்திருந்தார். படத்தில் உருப்படியான ஒரே காட்சி அந்த அழுகைதான்.

அடுத்த மாதம் திடீரென்று படம் முடிந்துவிட்டது என்றார் மாமா. எடிட் பண்ணுவதற்கென்று வெல்லாவெளிப் பொடியனையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய், தனியாகத் திரும்பி வந்தார். பொழுதுபட்டால் யாரும் வெளியே இறங்காத காலம். ஆகவே பள்ளிக்கூட மண்டபத்தில் பகல் இரண்டு மணிக்கு, யன்னல்களைத் தறப்பாளால் மூடி, வெள்ளை வேட்டியில் படத்தைக் காட்டினார்கள். உள்ளே அவிந்தது. முதல் அரைமணி நேரம் மரியாதைக்குப் பார்த்தார்கள். பிறகு விசில் தொடங்கியது.

"வருங்காலமெண்டு சொல்லிப்போட்டு நம்மட முகாமையெல்லோ காட்டுறான்!" என்று ஒருவர் எழும்பி நின்று கத்தினார். "தண்ணிக்கு வரிசையில நிண்டு களைச்சு வந்தா, இஞ்சயும் வரிசை!"

நான் அழுத இடத்தில் மட்டும் சத்தம் கொஞ்சம் அடங்கியது. கடைசிக் காட்சியில் இயந்திர மனிதன் என்னைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் தடுக்கியதும் மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. எல்லாரும் திட்டிக்கொண்டு எழும்பிப் போனார்கள். அம்மா மட்டும் எழுந்து நின்று கைதட்டினார். விடாமல் தட்டினார். வெட்கத்தில் நான் அவருடைய சேலையைப் பிடித்து இழுத்தேன். இவ்வளவு பேச்சு வாங்கிய மாமாவோ கலியாண மாப்பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டு நின்றார். இரண்டு பேருக்கும் மூளை பிசகிவிட்டது என்றே நினைத்தேன்.

யுத்தம் முடிந்த வருடம் அண்ணன் கட்டாரிலிருந்து லீவில் வந்தான். வந்த அன்றே அந்தப் படத்தைப் போடச் சொன்னான். என் அழுகைக் காட்சி வந்ததும், "அண்டைக்கு உள்ளுக்க நானும் அழுதன். பெட்டிக்குள்ள கை போகல்ல, துடைக்க ஏலாமப் போச்சு" என்றான்.

எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. கடலோடு போன அவனுடைய பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் மறுபடி கிடைக்க எட்டு மாதம் எடுத்ததாம். அவை இல்லாமல் ஒரு சோதனைச் சாவடியைக்கூடத் தாண்ட முடியாது. படம் அவ்வளவு நீண்டதும் அதற்காகத்தான். ஒளித்து வைத்தால் தேடுவார்கள், நடுக் கடற்கரையில் நிறுத்தினால் யார் தேடப் போகிறார்கள் என்பது மாமாவின் யோசனை. எனக்குச் சொல்லக்கூடாது என்பது அம்மாவின் யோசனை. துவக்கோடு வந்தவர்கள் ஒரு மீன்பெட்டியிடம் தோற்றுப் போனார்கள். இனி யாராவது அந்தப் படத்தைக் குறை சொல்லட்டும்!

ஒன்றை மட்டும் நான் அண்ணனிடம் இன்னும் கேட்கவில்லை. மோட்டார் சைக்கிள் போன பிறகு, அன்றைக்கே வாவிப் பக்கம் போய் அந்தக் கடைசிக் காட்சியையும் எடுத்தோம். இயந்திர மனிதன் என்னைத் தூக்கிக்கொண்டு முழங்கால் அளவு தண்ணீரில் நடந்தான். எனக்குக் கோபம் தீர்ந்திருக்கவில்லை. மாமாவின் கண்ணுக்குப் படாமல் அவன் விலாவில் ஓங்கிக் குத்தினேன். தடுக்கினான், ஆனால் என்னைக் கீழே போடவில்லை. பெட்டியின் கண் ஓட்டைக்குக் கிட்ட வாயை வைத்து, "இரு, எங்கட அண்ணன் கொழும்பால வரட்டும். அவனிட்டச் சொல்லி உனக்கு நல்ல அடி வாங்கித் தாறன்" என்றேன்.

என்னைப் பிடித்திருந்த கைகள் இன்னும் இறுகின. பயந்துவிட்டான் என்று நினைத்தேன்.