தூத்துக்குடி வெயிலில் பனி

சில வருஷங்களுக்கு முன், மழை விட்டுப் புழுங்கிய ஓர் ஐப்பசிக் காலை. தூத்துக்குடி பக்கத்துப் புதுக்கோட்டையைத் தாண்டியுள்ள விமான நிலையத்திலிருந்து, இரண்டு பேர் மட்டும் உட்காரும் பயிற்சி விமானத்தில் கிளம்பினேன். பலசரக்குக் கடைக்காரனுக்கு எதற்கு இந்த வேலை என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். ஆசை விடவில்லை. கடையை அடைத்ததும் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் சிமுலேட்டர் முன் உட்கார்ந்துவிடுவேன். அதில் திருச்செந்தூர் கோபுரத்தைச் சுற்றி வராத நாளே கிடையாது. பெரிய விமானி என்ற நினைப்பு எனக்கு.

பயிற்சி கொடுத்தவர் நாசரேத் பக்கத்துப் பெண். என் தங்கை மகள் வயதுதான் இருக்கும். கிளம்பும் முன் ஒரு குமிழைக் காட்டி, இன்ஜின் வேகத்தைக் குறைக்கும் முன் இதை இழுக்க வேண்டும், பெட்ரோலும் காற்றும் கலக்கிற கார்புரேட்டருக்குள் பனி படியாமல் சூடான காற்று போகும் என்றார். தூத்துக்குடி வெயிலில் பனியா என்று சிரித்தேன். பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே குளிர்ந்துவிடும், பனி படிய இந்த ஈரக்காற்றே போதும் என்றார். என் சிமுலேட்டரிலோ அந்தக் குமிழ் சும்மா அழகுக்கு. இழுத்தாலும் தள்ளினாலும் ஒன்றும் ஆகாது.

திருச்செந்தூர் பக்கத்து ஆலந்தலைக்கு நேரே, கடலுக்கு மேல் உயரத்தைக் குறைத்து இறங்கிப் பழகினோம். அவர் ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது, வீட்டுப் பழக்கத்தில் குமிழைத் தொடாமலே வேகத்தைக் குறைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துக் கூட்டினால் கூடவில்லை. இன்ஜின் இருமத் தொடங்கியது. கீழே படகுகளின் நிறம்கூடத் தெரிந்தது.

குமிழை இழுக்கச் சொன்னார். இழுத்தேன். இன்ஜின் முன்பைவிட மோசமாகக் குலுங்கி, நின்றுவிடும் போலத் திணறியது. பதறிப்போய்த் திரும்பத் தள்ளப் போனேன். என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"தள்ளாதீங்க அண்ணாச்சி. பனி உருகித் தண்ணி உள்ள போவுது, அதான் இப்படி உதறுது. கொஞ்சம் பொறுங்க, சரியாயிரும்."

பொறுக்கிற நிலையிலா இருந்தேன்? கடல்தான் எங்களை நோக்கி ஏறி வந்தது. முருகா முருகா என்று வாய் முணுமுணுத்தது. அவருடைய உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன. திடீரென இன்ஜின் ஒரு உறுமலோடு முழு வேகம் எடுத்தது.

தரையிறங்கிய பிறகும் இருவரும் எழுந்திருக்கவில்லை. தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டி, மூடியைத் திறந்து தரச் சொன்னார்.

"எனக்கும் இதான் மொத தடவ அண்ணாச்சி. படிச்சதோட சரி."

சரியானதைச் செய்துவிட்டு, அதைத் தப்பென்று நினைத்து மாற்றப் போன என் கையை நினைத்தால் இன்றும் உடம்பு உதறுகிறது. என்னைப் போலவே பயந்திருந்தும் அந்தக் கையை விடாமல் பிடித்திருந்த பிள்ளையால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.