தறிச் சத்தத்தில் விற்ற சிவப்புக் கிட்டார்

இதை எழுதலாமா வேண்டாமா என்று வெகுகாலம் தள்ளிப்போட்டேன். எட்டாவது வரை படித்தவன் என்ன எழுதிவிடப் போகிறேன் என்ற கூச்சம் ஒரு பக்கம். அதைவிட, இதில் என் குற்றம் ஒன்று இருக்கிறது. ஆண்டவரிடம் சொல்லிவிட்டேன், ஆட்களிடம் சொன்னதில்லை. இப்போது சபையில் வாலிபர்கள் என்னிடம் வந்து, விலை குறைவாக என்ன கிட்டார் வாங்கலாம் என்று கேட்கிறார்கள். வெறும் யோசனை மட்டும் சொல்லி அனுப்ப மனம் ஒப்பவில்லை.

எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலில் ஒரு வாத்தியக் கடையில் விற்பனைக்கு நின்றேன். மெல்லிசைக் குழுக்கள் பெருகிய காலம். கல்கத்தாவிலிருந்து மரப்பெட்டியில் வைக்கோல் சுற்றி எலெக்ட்ரிக் கிட்டார் வரும். பெட்டியை உடைத்ததும் வார்னிஷ் வாசனை கடை முழுக்க நிற்கும். இன்றைக்கும் எங்காவது அந்த வாசனை அடித்தால் நின்றுவிடுகிறேன்.

கடைக்கு இரண்டு பக்கமும் பின்பக்கமும் பவர்லூம். காலையில் தொடங்கினால் விளக்கு வைக்கும்வரை தடதடப்புதான். ஞாயிறு மட்டும் தறி நிற்கும். அன்றைக்குக் கடையும் பூட்டு. நான் ஆராதனைக்குப் போய்விடுவேன்.

எங்களிடம் இருந்தது இரண்டே வகை. சிவப்புக் கிட்டாருக்கு, கம்பி முடிகிற பிரிட்ஜை ஒட்டி, கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற பிக்கப் ஒன்றே ஒன்று, ஒடுங்கிய கழுத்து. தொட்டால் சத்தம் ஊசிபோல ஏறும். பழுப்புக் கிட்டாருக்குப் பிக்கப் கழுத்துப் பக்கம். சத்தம் அடங்கி, உருண்டு வரும். தறிச் சத்தத்தில் பழுப்பு ஊமை. சிவப்புதான் தறியை மீறிக் கேட்கும். தறியூர்க்காரன் எந்த வாத்தியத்தையும் தறியோடு மோதவிட்டுத்தான் பார்ப்பான். அதனால் எல்லாரும் சிவப்பையே எடுப்பார்கள். தறி ஓய்ந்த பிறகு இரண்டையும் வாசித்துப் பார்த்தவன் நான். பாட்டுக்குத் துணை போகப் பழுப்புதான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் சிவப்பு சட்டென்று விலைபோனது. நான் வாய் திறக்கவில்லை.

ஒரு ஆனி மாதம் சங்கரலிங்கம் வந்தார். தறி ஓட்டுகிறவர், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், இரவல் கிட்டாரில் பழகியவர். சொந்தமாகக் கிட்டார் கொண்டுவந்தால் ஆடித்தபசுத் திருவிழாக் கச்சேரியில் ரிதம் வாசிக்கலாம் என்று ஒரு குழுக்காரர் சொல்லியிருந்தார். பாடுகிறவருக்குப் பின்னால், பல கம்பிகளைச் சேர்த்து அழுத்திக் கார்டு பிடித்துக்கொண்டே போகிற வேலை.

பழுப்பை மாட்டி வாசித்தார். "என்ன அண்ணாச்சி, இதுல கரண்ட் வருதா இல்லியா?"

சிவப்பை எடுத்ததும் முகமே மாறிவிட்டது. "இதுல்லா கிட்டாரு! தறியே தோத்துட்டு!"

"எல்லாரும் இதத்தான் கொண்டுட்டுப் போறாங்க," என்றேன். அது பொய் இல்லை. பொய்யைவிட மோசம்.

பத்து நாளில் சிவப்புக் கிட்டாரோடு திரும்பி வந்தார்.

"பள்ளிக்கூட ரூம்ல ஒத்திகை அண்ணாச்சி. பாட்டு ஆரம்பிச்ச ஒடனே குழுக்காரரு நிப்பாட்டிட்டாரு. 'யாருவே அது, தகரத்தச் சொரண்டுதது?'ன்னு கேக்காரு. அம்புட்டுப் பேரும் சிரிச்சுட்டாங்க. டோன் திருகக் கொறச்சா மூக்கடச்ச மாதிரி ஆயிருது. ஒரு வாரம் பாப்பாராம். இல்லேன்னா சிவகிரி ஆளக் கூப்பிட்டுருவாராம்."

முதலாளி உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்: "வித்தது வித்ததுதான். கை சரியில்லன்னா கிட்டாரு என்னவே செய்யும்?"

சங்கரலிங்கம் தன் கையைப் பார்த்துக்கொண்டார். நம்பிவிட்டார். கை சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

அந்த ஞாயிறு பாவ அறிக்கை ஜெபத்தில் எல்லாரோடும் முழங்காலில் நின்றேன், எழுந்தேன், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். ஒன்றும் செய்யவில்லை. அடுத்த சனிக்கிழமைதான் முதலாளியிடம் உள்ளதைச் சொல்லி, மறுநாளைக்குக் கடைச் சாவி கேட்டேன்.

"என்னவே தானியேலு, ஞாயித்துக்கெழம சரக்கு எறக்கக் கூப்பிட்டா கோயிலு கோயிலும்பீரு. இப்ப ஒம்ம சாமி லீவு குடுத்துட்டாரோ?"

"அவருதான் மொதலாளி போகச் சொல்லுதாரு."

சிரித்துவிட்டார். "சரி, மாத்திக் குடும்," என்று சாவியைக் கையில் கொடுத்தார்.

ஆராதனை முடிந்து சங்கரலிங்கத்தை அழைத்துப் போனேன். தெருவே அமைதி. "நான் பாடுதேன், நீங்க பின்னால வாங்க," என்று எனக்குத் தெரிந்த கீர்த்தனை ஒன்றை மெதுவாக எடுத்தேன். சிவப்பு என் குரலைக் கிழித்தது. பழுப்பு குரலைத் தாங்கி வந்தது. அதன் அகலக் கழுத்தில் அவருடைய தடித்த விரல்களுக்கும் இடம் இருந்தது. பாதியில் நிறுத்தினார்.

"இது அன்னைக்கும் இங்கனதான இருந்துச்சு?"

"இருந்துச்சு."

"ஒங்களுக்குத் தெரியுமா அண்ணாச்சி?"

"தெரியும்யா."

என்னைத் திட்டவில்லை. கிட்டாரைத் துணியில் சுற்றிக்கொண்டு அங்கிருந்தே குழுக்காரர் வீட்டுக்குப் போனார். சிவகிரி ஆள் வந்து மூன்று நாளாகியிருந்தது.

ஆடித்தபசு அன்று கச்சேரிக் கூட்டத்தில் அவரைப் பார்த்தேன். மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு நின்றார். பாட்டு ஓட ஓட, பிள்ளையின் கணுக்காலில் அவர் விரல்கள் கார்டு மாற்றிக்கொண்டே இருந்தன.

தம்பிமாரே, விலை குறைந்த கிட்டாரே போதும். தனிக் கம்பியில் ஓடி வாசிப்பவருக்குச் சிவப்பு மாதிரி கூர்மையானது நல்லது. பாட்டுக்குத் துணை போகிறவருக்குப் பழுப்பு. சத்தமில்லாத இடத்தில், ஒருவரைப் பாடச் சொல்லி, உங்கள் வாசிப்பையே வாசித்துப் பாருங்கள்.

இதை நாலு பேருக்குச் சொல்வீர்களானால் யோசனையை மட்டும் பிய்த்துச் சொல்ல வேண்டாம். தெரிந்தும் பேசாமல் இருந்தவன் தானியேல் என்பதையும், சங்கரலிங்கம் அந்த மேடை ஏறவில்லை என்பதையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள்.